முன்பணம் வாங்காத கிடார்

இராமநாதபுரம் கடற்கரையின் மண்டபம் ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு நான் கேட்கிற பாட்டெல்லாம் எஞ்சின் சத்தம்தான். அதிலும் டீசலில் தண்ணீர் கலந்த எஞ்சின். ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடக்கும், மனிதர்கள் பெயின்ட் டப்பாவும் வலை ஊசியுமாக உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு மத்தியானம் என் சின்ன ஸ்பீக்கரில் ஓடிய பாட்டைப் பத்து நிமிடம் பொறுத்துக்கொண்டவர், வலையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "இவனுகளுக்கெல்லாம் யாருப்பா காசு போடுறா?"

இண்டி ராக், ஆல்டர்நேட்டிவ் ராக் என்ற இரண்டு பெயர்களையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. கிடார் எப்படி ஒலிக்கிறது, பாடுகிறவன் முணுமுணுக்கிறானா கத்துகிறானா என்பதெல்லாம் அப்புறம். இண்டி என்பது இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம். சுதந்திரம் யாரிடமிருந்து என்று கேட்டால், காசு போட்டவனிடமிருந்து.

எங்கள் கரையில் முன்பணம் என்றால் என்னவென்று குழந்தைக்கும் தெரியும். படகு வாங்க, வலை வாங்க, எஞ்சின் மாற்ற மீன் வியாபாரி பணம் தருவார். பெரும்பாலும் வட்டி கிடையாது. ஆனால் பிடித்து வருகிற மீன் அவருக்குத்தான். பக்கத்துக் கரையில் இறால் என்ன விலைக்குப் போனாலும் அவர் சொல்வதுதான் விலை. வேறு வியாபாரியிடம் போக வேண்டுமென்றால் முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் வழக்கமான ஒப்பந்தமும் இதே வகைதான், ஒரு படி அதிக மோசம். நிறுவனம் அட்வான்ஸ் தரும். பதிவுச் செலவு, வீடியோச் செலவில் ஒரு பகுதி, சுற்றுப்பயணத்துக்குக் கொடுத்த உதவி எல்லாம் பேண்டின் கணக்கில் ஏறும். விற்கிற ஒவ்வொரு தட்டிலும் பேண்டுக்கு வரவேண்டிய சிறு பங்கிலிருந்துதான் அந்தக் கடன் கழியும். சரி, கடன் அடைந்தது என்று வையுங்கள். அப்போதும் மாஸ்டர் எனப்படும் மூலப்பதிவு நிறுவனத்துக்கே சொந்தம். முன்பணத்தை அடைத்த பிறகும் படகு வியாபாரியுடையதுதான் என்று எழுதிக் கேட்டால் எங்கள் கரையில் ஒருவரும் கைநாட்டுக்கூட வைக்க மாட்டார்கள். இசைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்தார்கள். தட்டு அச்சடிக்கும் ஆலைக்கும், கடைக்குக் கொண்டுபோகும் லாரிக்கும், வானொலிக்கும் வேறு வழி இல்லை.

வழியைத் திறந்த கதைகளில் எனக்குப் பிடித்தது மான்செஸ்டரில் நடந்தது. பஸ்காக்ஸ் என்ற பங்க் ராக் குழு, நண்பர்களிடமும் வீட்டிலும் 500 பவுண்டு அளவில் கடன் வாங்கி, 4 பாட்டைப் பதிவு செய்து, தாங்களே ஒரு லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனம்) பெயர் வைத்து 1977 ஜனவரியில் ஸ்பைரல் ஸ்க்ராட்ச் என்ற தட்டை வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1000 பிரதி. கடைசியில் விற்றது 16 ஆயிரம். தட்டு என்பது பெரிய கம்பெனி மட்டுமே போடக்கூடிய பொருள் என்ற நம்பிக்கை உடைந்தது அங்கேதான். லண்டனில் 1976இல் ஜெஃப் டிராவிஸ் திறந்திருந்த ரஃப் டிரேட் என்ற கடை இந்த மாதிரித் தட்டுகளை வாங்கி விற்றது, பிறகு தானே லேபிளாகவும் ஆனது. அவர்கள் வைத்த கணக்கு எளிது: செலவைக் கழி, மீதியைப் பாதி பாதி பிரி. சிகாகோவின் டச் அண்ட் கோ லேபிளும் இதே கணக்கைப் பல நேரம் கைகுலுக்கலோடு முடித்துக்கொண்டது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது ஊசி நின்றது. "அது பங்கு" என்றார். ஆமாம், பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து, மிச்சத்தைப் படகுக்கும் ஆளுக்குமாகப் பிரிக்கிற அதே பங்கு.

இந்தக் கணக்கை வாழ்நாள் முழுக்கப் பிடிவாதமாகப் பேசியவர் ஸ்டீவ் ஆல்பினி. நிர்வானா குழுவின் கடைசி ஸ்டூடியோ ஆல்பமான இன் யூட்டரோவை 1993இல் பதிவு செய்தவர். தயாரிப்பாளர்கள் வழக்கமாக வாங்கும் ராயல்டி எனக்கு வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பது மாதிரி வேலைக்குக் கூலி கொடுங்கள் போதும் என்று அந்தக் குழுவுக்குக் கடிதமே எழுதினார். லட்சக்கணக்கில் விற்கப்போகிறது என்று தெரிந்தும் விட்டுக்கொடுத்தது பெரிய தொகை. 2024 மே 7ஆம் தேதி இறந்தார். அவருடைய ஷெல்லாக் குழுவின் டு ஆல் டிரெயின்ஸ் ஆல்பம் பத்தே நாளில் வந்தது. துக்கத்தோடு கேட்கலாம் என்று உட்கார்ந்தால் விடாது. அவ்வளவு கடியும் கிண்டலுமாக இருக்கிறது.

ஆல்டர்நேட்டிவ் என்ற சொல் வேறு இடத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கல்லூரி வானொலிகளில் ஓடிக்கொண்டிருந்த, பெரிய நிலையங்கள் தொடாத பாட்டுக்கு வைத்த பெயர் அது. நிர்வானாவின் முதல் ஆல்பம் பிளீச் 1989இல் சப் பாப் என்ற சியாட்டில் லேபிளில் வந்தது. பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தக் காசைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். ஆல்பத்தில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை, ஆனாலும் அட்டையில் கிடார் கலைஞர் என்று பெயர் போட்டு நன்றிக்கடனைத் தீர்த்தார்கள். முன்பணத்துக்கு இவ்வளவு அழகான வசூல் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. 1991இல் பெரிய நிறுவனத்துக்குப் போய் வெளியிட்ட நெவர்மைண்ட், அமெரிக்காவில் முதலில் சுமார் 46 ஆயிரம் பிரதிதான் அடித்தார்கள். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனைத் தள்ளிவிட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அன்றிலிருந்து மாற்று என்ற சொல்லே கடையின் மையத்தில் ஓர் அலமாரியின் பெயராகிவிட்டது. பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். பெயர் இரண்டு, குணம் இரண்டு, பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் ஒன்றுதான். இண்டியும் ஆல்டர்நேட்டிவும் அப்படித்தான், ஒன்று உரிமையைப் பற்றிய சொல், இன்னொன்று ஒலியைப் பற்றிய சொல், நடுவில் போக்குவரத்து நிற்பதே இல்லை.

இதெல்லாம் இராமநாதபுரம் கடற்கரைக்கு எப்படி வந்து சேர்ந்தது? எங்களுக்குப் பாட்டு பாதிக்குப் பாதி கடல் தாண்டி வந்ததுதான். என் அப்பா தலைமுறைக்கு இலங்கை வானொலி. எனக்கு மெமரி கார்டு. கீழக்கரையில் ஒரு செல்போன் கடை இருந்தது, கடைக்காரரைக் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். 2 ஜிபி கார்டை நீட்டி, "காக்கா, ஏதாவது இங்கிலீஷ் பாட்டு ஏத்தித் தாங்க" என்றால், அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த ஒரு ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போடுவார். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த யாரோ விட்டுவிட்டுப் போன ஃபோல்டர். பாட்டுக்கும் பேருக்கும் சம்பந்தம் இருக்காது. டிராக் 07 என்று இருக்கும். ஒரு வருடம் கேட்ட பிறகுதான் அது ரேடியோஹெட் என்று தெரியவந்தது. அந்தக் குழு 2007இல் இன் ரெயின்போஸ் ஆல்பத்தை இணையத்தில் போட்டு, விரும்பிய விலை கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தது என்பது இன்னும் பிற்பாடுதான் தெரியும். நான் கொடுத்த விலை காக்காவுக்கு 30 ரூபாய்.

அதனால் எம்டூ மொக்டாரின் கதையைப் படித்தபோது எனக்குப் பக்கத்து ஊர்க்காரன் மாதிரி இருந்தது. நைஜர் நாட்டின் துவாரெக் இனக்காரர். வீட்டில் இசைக்கு அனுமதி இல்லை. சைக்கிள் பிரேக் கம்பியை நரம்பாகக் கட்டி முதல் கிடாரைத் தானே செய்துகொண்டார். சஹாரா பக்கம் நெட் கிடையாத ஊர்களில் பாட்டு ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு, ஒரு மெமரி கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்குப் போகும். அப்படிப் பரவித்தான் அவர் பாட்டு ஊரறிந்தது. செல்போன்களில் சுற்றிய பாட்டுகளைத் தேடித் தொகுத்து சஹேல் சவுண்ட்ஸ் என்ற சின்ன அமெரிக்க லேபிள் வெளியிட்டபோதுதான் உலகம் அவரைக் கேட்டது. ஒரு சின்ன வேடிக்கையும் சொல்ல வேண்டும். அவரை வைத்து எடுத்த படத்தின் பெயருக்குப் பொருள் "கொஞ்சம் சிவப்பு கலந்த நீல நிற மழை". பாடகர் பிரின்ஸின் பர்ப்பிள் ரெயின் (ஊதா மழை) படத்தின் மறுஆக்கம் அது, ஆனால் ஊதாவுக்கு அவர்கள் மொழியில் சொல் இல்லை.

2024 மே மாதம் வந்த அவருடைய ஃபியூனரல் ஃபார் ஜஸ்டிஸ், அண்மை ஆண்டுகளில் நான் கேட்ட ராக் ஆல்பங்களிலேயே கோபம் கூடியது. பிரான்சையும், தன் கண்டத்துத் தலைவர்களையும் சேர்த்துக் கேள்வி கேட்கிறது. கிடார் ஒரு இடத்தில் நிற்பதில்லை. கச்சான் காற்றில் பாய் மாதிரி படபடக்கிறது. 2023 ஜூலையில் குழு அமெரிக்காவில் சுற்றிக்கொண்டிருந்தபோது நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எல்லையை மூடிவிட்டார்கள், வீட்டுக்குப் போக முடியவில்லை. அதே பாட்டுகளை மின்சாரக் கிடார் இல்லாமல் மறுபடி வாசித்து 2025 பிப்ரவரியில் டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ் என்று வெளியிட்டார்கள். முதலாவது ஊர்வலம் என்றால் இரண்டாவது ஊர்வலம் முடிந்து வீடு திரும்பியவர்கள் திண்ணையில் பேசுவது. எனக்கு இரண்டாவதுதான் ஒட்டிக்கொண்டது. சொல் ஒன்றும் புரியவில்லை, அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வர முடியாமல் அக்கரையில் மாட்டிக்கொள்வது இந்தக் கரைக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமா என்ன.

இன்னொரு வகையான வழி சிண்டி லீ போட்டது. கனடாவின் பேட்ரிக் ஃப்ளெகல் இந்தப் பெயரில் பாடுகிறார். 2024 மார்ச்சில் வந்த டயமண்ட் ஜூபிலி 32 பாட்டு, 2 மணி நேரம். வந்தபோது ஸ்பாட்டிஃபையில் கிடையாது. யூடியூபில் ஒரே நீண்ட வீடியோ, கூடவே அரதப் பழசான தோற்றத்தில் ஒரு ஜியோசிட்டீஸ் இணையப் பக்கம், எடுத்துக்கொண்டு 30 கனடா டாலர் கொடுங்கள் என்று ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான் ஏற்பாடு. விளம்பரம் இல்லை. ஆனாலும் அந்த வருடம் அதிகம் பேசப்பட்ட ஆல்பங்களில் ஒன்று. ஒலி எப்படி என்றால், இரவில் நடுக்கடலில் ரேடியோவைத் திருப்பும்போது எங்கோ தொலைவில் ஒரு நிலையம் மிதந்து வந்து போகுமே, அப்படி. 60களின் காதல் பாட்டு ஒன்று தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி. முழுதும் நல்லது என்று சொல்ல மாட்டேன். நடுவில் அரை மணி நேரத்தை எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த அரை மணி நேரத்தை வெட்டச் சொல்ல முன்பணக்காரர் ஒருவர் இருந்திருந்தால், மீதி ஒன்றரை மணி நேரமும் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கீஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். புரூக்ளின்காரர்கள்; 2025 செப்டம்பரில் வந்த கெட்டிங் கில்ட்தான் அவர்களைப் பெரிய பேச்சாக்கியது. ஹிப்ஹாப்பில் கென்னி பீட்ஸ் என்று அறியப்பட்ட கென்னத் புளூமோடு சேர்ந்து பத்து நாள் போலத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அவசரம் காதில் விழுகிறது. முதல் பாட்டிலேயே பாடகர் கேமரன் வின்டர் காரில் குண்டு இருக்கிறது என்று கத்துகிறார், பின்னால் ஊதுகுழல்கள் தறிகெட்டு ஓடுகின்றன. அடுத்த பாட்டில் அதே ஆள் தூக்கம் கலையாத குரலில் குழைகிறார். முதல் தடவை கேட்டபோது அணைத்துவிட்டேன். வாடைக் காற்று பிடித்துக் கடலுக்குப் போகாமல் கிடந்த ஒரு வாரத்தில் திரும்பக் கேட்டேன், அப்புறம் வேறு எதையும் கேட்கவில்லை. டிரம்ஸ் ஒரு தாளத்தில் போக, கிடார் அதைச் சட்டை செய்யாமல் பக்கத்தில் நடக்க, குரல் இரண்டுக்கும் நடுவில் தள்ளாட, மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழுகிற கணம் ஒன்று இருக்கிறது. கரைவலை இழுக்கிறவர்கள் அம்பா பாடும்போது இழுப்பும் மூச்சும் பாட்டும் தனித்தனியாகப் போய் ஒன்றாக விழுமே, அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது அந்நியமான வித்தை இல்லை.

ஃபொன்டெய்ன்ஸ் டி.சி.யின் ரொமான்ஸ் (2024 ஆகஸ்ட்) எல்லோரும் கொண்டாடிய ஆல்பம். லண்டன் ரயில் நிலையத்தில் வந்த பதற்றத்தை வைத்து மூச்சு வாங்கும் சத்தத்தையே பல்லவியாக்கிய பாட்டு நிச்சயம் கெட்டிக்காரத்தனம். ஆனாலும் இந்த டப்ளின்காரர்களின் 2022 ஆல்பம் ஸ்கின்ட்டி ஃபியாவைத்தான் நான் முன்னே வைப்பேன். அதன் முதல் பாட்டுக்குப் பின்னால் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இறந்த ஓர் ஐரிஷ் பெண்மணியின் கல்லறையில் "எங்கள் இதயங்களில் என்றும்" என்று ஐரிஷ் மொழியில் பொறிக்கக் குடும்பம் விரும்பியது. ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் போட்டால் அரசியல் முழக்கமாகப் பார்க்கப்படலாம் என்று 2020இல் திருச்சபை நீதிமன்றம் மறுத்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்தது. அந்த ஐரிஷ் வரி பாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. கல்லில் என்ன மொழி என்பதற்காகச் சண்டை போட்ட ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ரொமான்ஸ் பெரிய அரங்குகளுக்காகத் தைத்த சட்டை, நன்றாகப் பொருந்துகிறது, அவ்வளவே.

வென்ஸ்டே குழுவின் பிளீட்ஸ் (2025 செப்டம்பர்) எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ஊர் வாசனை. வட கரோலினாவின் சிற்றூர் விவரங்களை, ஒருத்தி வாசலில் உட்கார்ந்து வம்பு பேசுகிற மாதிரி பாடகி கார்லி ஹார்ட்ஸ்மன் அடுக்குகிறார். இரைச்சல் கிடாருக்கு அடியில் பெடல் ஸ்டீல் கிடார் அழுகிறது. வெட் லெக், பல்ப் குழுக்கள் இரண்டையும் ஒரு வரியில் முடிக்கிறேன்: இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவிலிருந்து வந்த வெட் லெக்கின் இரண்டாம் ஆல்பம் முதலாவதைவிடத் திடமாக இருக்கிறது, முதலாவதின் சிரிப்பு இல்லை, 24 வருடம் கழித்து வந்த பல்பின் மோர் (More) ஆல்பம் எதிர்பார்த்ததைவிட நூறு மடங்கு உயிரோடு இருக்கிறது.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் சிக்கலாகிவிட்டது. இப்போது யாரும் முன்பணம் இல்லாமல் பாட்டைக் கரைக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஏலக்கூடம் ஒன்றுதான். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது ஓடியிருந்தால்தான் காசு. 990 தடவை ஓடியது பொடிமீன், தராசிலேயே ஏறாது. ரசிகன் நேரே காசு கொடுக்கும் பேண்ட்கேம்ப் ஒரு ஆறுதல்; டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் போலத்தான் எடுத்துக்கொள்கிறது. அதுவும் 2022இல் ஒரு கேம் கம்பெனிக்கும், 2023இல் இன்னொரு கம்பெனிக்கும் கைமாறி, பாதி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஸ்பாட்டிஃபை தலைவர் ராணுவத் தொழில்நுட்ப நிறுவனத்தில் முதலீடு செய்ததை எதிர்த்து 2025இல் டியர்ஹூஃபும் கிங் கிஸார்ட் அண்ட் தி லிஸார்ட் விஸார்டும் ஆகிய குழுக்கள் தங்கள் பாட்டுகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிங் கிஸார்ட் 2017இலேயே ஒரு முழு ஆல்பத்தை, யார் வேண்டுமானாலும் தட்டு அடித்து விற்றுக்கொள்ளுங்கள் என்று மூலப்பதிவோடு கொடுத்தவர்கள், அவர்களால் முடியும். 900 தடவை ஓடும் குழுவால் வெளியேறவும் முடியாது, உள்ளே இருந்து சம்பாதிக்கவும் முடியாது.

தமிழில் இண்டி இப்போதுதான் வருகிறது என்று சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. சினிமாவின் முன்பணத்துக்கு வெளியே பாட்டு இங்கே எப்போதும் இருந்தது. இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிஃபாவின் குரல் சினிமாவை நம்பியா வீடு வீடாகப் போனது? தர்காவும் கட்சி மேடையும் கேசட்டும் போதுமாக இருந்தன. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 என்று மீனவர்களுக்கென்றே ஒரு சமுதாய வானொலி ஒலிக்கிறது. காற்று நிலவரமும் பாட்டும் ஒரே அலையில். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் ராப்பையும் கலந்து சாதியைப் பற்றிப் பாடியபோது, எந்தத் தயாரிப்பாளரும் எழுதிக் கொடுக்காத வரிகளைக் கேட்டோம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2021இல் உலகம் முழுக்க ஓடிய எஞ்ஜாய் எஞ்சாமியிலிருந்து தனக்கும், பாடகி தீக்கும், பாடகர் அறிவுக்கும் பணம் வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். சுயாதீனப் பாடல் என்று பெயர் போட்டால் போதாது, மூலப்பதிவு யார் பெட்டியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தங்கச்சிமடத்தில் ஒரு பையன் இருக்கிறான், கோவில் பாடல் குழுவில் கிடார் வாசிப்பவன். போனிலேயே நான்கு பாட்டுப் பதிவு செய்திருக்கிறான். பாசி எடுக்கப் போகும் அம்மாவைப் பற்றி ஒன்று, மீதி மூன்றும் காதல். அந்த ஒன்றுதான் பாட்டு. பதினைந்தாயிரம் தருகிறோம், நான்கையும் எங்கள் பெயருக்கு எழுதிக் கொடு என்று எங்கிருந்தோ ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. என்னிடம் யோசனை கேட்க வந்தவனைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பாட்டைப் பாதிதான் கேட்டார்.

"எம்புட்டுத் தாறாங்க?"

சொன்னான்.

"இதுக்கு டீசல் யாரு போட்டா?"

பையன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான்தான் மாமா" என்றான்.